காதலன் கேட்டால் பாஸ்வேர்டு கொடுக்கலாமா? அன்பில் ஆரம்பித்து மிரட்டலில் முடியும் செல்போன் தொல்லை!

"சாப்பிட்டியா?" என்றுதான் முதல் மெசேஜ் வருகிறது. சில வாரம் போனதும், "எங்கே இருக்கே? லொகேஷன் போடு" என்று மாறுகிறது. அடுத்து, "பாஸ்வேர்டு கொடு. என் மேல நம்பிக்கை இல்லையா?" என்கிறார்கள். கடைசியில், "நான் கூப்பிட்ட இடத்துக்கு வரலைன்னா எல்லாத்தையும் உங்க அப்பாவுக்கு அனுப்பிடுவேன்" என்ற மிரட்டலில் வந்து நிற்கிறது.

பள்ளி மாணவிகள், கல்லூரி மாணவ-மாணவிகள், பனியன் கம்பெனிகளிலும் ஜவுளிக்கடைகளிலும் வேலை பார்க்கும் இளம்பெண்கள் என பல தரப்பினரும் இந்த வலையில் சிக்கி வெளியே சொல்ல முடியாமல் தவிக்கிறார்கள். வாலிபர்களும் இதற்கு விலக்கு அல்ல.

மிரட்டுபவனின் பலம் அவன் செல்போனில் இருக்கும் படம் அல்ல. "வீட்டுக்கு தெரிந்தால் என்ன ஆகுமோ" என்று அந்த பெண்ணுக்கு இருக்கும் பயம்தான் அவன் பலம். இதற்கு பொள்ளாச்சி முதல் சென்னை வரை நடந்த வழக்குகளே சாட்சி.

இந்த தொல்லை எப்படி ஆரம்பிக்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, சிக்கியவர்கள் செய்ய வேண்டியது என்ன? இதுபற்றிய விவரம் வருமாறு:-

பாஸ்வேர்டில் விழும் முதல் முடிச்சு

காதலிக்கும்போது ஒருவர் பாஸ்வேர்டை இன்னொருவர் வாங்கி வைத்துக்கொள்வது இப்போது பல ஜோடிகளிடம் பாசத்தின் அடையாளமாகி விட்டது. கொடுக்க மறுத்தால், "அப்போ எவன்கூடயோ பேசுறே" என்று சண்டை வருகிறது. சண்டைக்கு பயந்து கொடுத்து விடுகிறார்கள்.

அதன்பிறகு அந்த பெண் யாருக்கு மெசேஜ் போட்டாள், எத்தனை மணிக்கு ஆன்லைனில் இருந்தாள், யார் போட்டோவுக்கு லைக் போட்டாள் என்று தினமும் விசாரணை நடக்கும். "அந்த பையனை பிளாக் பண்ணு", "டி.பி.யை மாத்து", "வீடியோ கால்ல வந்து ரூமை சுத்தி காட்டு" என்று ஒவ்வொன்றாக உத்தரவு வரும்.

அடி விழவில்லை, காயம் இல்லை என்பதால் இதை யாரும் கொடுமை என்று நினைப்பது இல்லை. "ரொம்ப பொசசிவ்" என்று தோழிகளிடம் பெருமையாக சொல்லிக்கொள்ளும் பெண்களும் உண்டு. ஆனால் பின்னால் வரும் மிரட்டலுக்கு ஒத்திகை இங்கேதான் நடக்கிறது. மறுத்தால் சண்டை, பணிந்தால் சமாதானம் என்ற பழக்கம் இங்கேதான் படிகிறது.

பாஸ்வேர்டு கொடுக்காமல் இருந்தாலும் ஆபத்து உண்டு. "போனை கொடு, ஒரு போட்டோ பாத்துட்டு தரேன்" என்று வாங்கினால் 2 நிமிடம் போதும். அந்த வாட்ஸ்அப்பை தன்னுடைய லேப்டாப்பிலோ வேறு செல்போனிலோ இணைத்து விடலாம். அதன்பிறகு அவளுக்கு வரும் மெசேஜ் எல்லாம் அவனுக்கும் தெரியும்.

இதை கண்டுபிடிப்பது சுலபம். வாட்ஸ்அப்பில் "லிங்க்டு டிவைசஸ்" என்ற இடத்தை திறந்து பாருங்கள். உங்களுக்கு தெரியாத கருவி எதுவும் அதில் இருந்தால் "லாக் அவுட்" கொடுத்து விடலாம். இன்ஸ்டாகிராம், பேஸ்புக், ஜிமெயில் ஆகியவற்றிலும் எந்தெந்த கருவியில் கணக்கு திறந்து இருக்கிறது என்று பார்க்க வசதி உண்டு. கூகுள் மேப்பில் உங்கள் லொகேஷன் யாருக்காவது போய்க்கொண்டு இருக்கிறதா என்பதையும் பார்த்து நிறுத்த வேண்டும்.

ஒருவர் கணக்கின் பாஸ்வேர்டை மோசடியாக பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்ப சட்டம் 66-சி பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். காதலன், காதலி என்பதற்காக சட்டத்தில் சலுகை எதுவும் கிடையாது.

"ஒரே ஒரு போட்டோ"

அடுத்த கட்டம் படம். "நான் பார்த்துட்டு உடனே டெலிட் பண்ணிடுவேன்" என்று கேட்பார்கள். ஒரு தடவை மட்டும் பார்க்கும்படி அனுப்பினாலும் பாதுகாப்பு இல்லை. இன்னொரு செல்போனை பக்கத்தில் வைத்து படம் பிடித்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? வீடியோ காலில் பேசும்போது தெரியாமல் பதிவு செய்பவர்களும் இருக்கிறார்கள்.

படமே அனுப்பாத பெண்களையும் விடுவது இல்லை. டி.பி.யில் இருக்கும் முகத்தை எடுத்து, ஏ.ஐ. மூலம் ஆபாச படமாக மாற்றி, "இதை பரப்பி விடுவேன்" என்று மிரட்டுகிறார்கள். அதனால், "அவள் ஏன் அனுப்பினாள்?" என்று கேட்பதில் அர்த்தம் இல்லை. நம்பி அனுப்பியது குற்றம் அல்ல. அதை வைத்து மிரட்டுவதுதான் குற்றம்.

பொள்ளாச்சி சொல்லும் பாடம்

தமிழ்நாட்டையே உலுக்கிய பொள்ளாச்சி வழக்கை யாரும் மறந்திருக்க முடியாது. பெண்களிடம் நட்பாக பழகி, தனியாக அழைத்து சென்று, பாலியல் கொடுமை செய்து, அதை வீடியோ எடுத்து மிரட்டியது அந்த கும்பல். வீடியோ வெளியே வந்து விடுமோ என்ற பயத்தில் பாதிக்கப்பட்ட பெண்கள் வாய் திறக்கவில்லை. அந்த மவுனம்தான் கும்பலுக்கு துணிச்சல் கொடுத்தது.

2019-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19 வயது கல்லூரி மாணவி ஒருவர் நடந்ததை தன் வீட்டில் சொன்னார். அவருடைய அண்ணன், தங்கை மீது பழி போடவில்லை. நண்பர்களுடன் போய் அந்த கும்பலை சேர்ந்தவர்களை பிடித்தார். அவர்களுடைய செல்போனை பார்த்தபோதுதான் இன்னும் பல பெண்களின் வீடியோக்கள் இருப்பது தெரிந்தது. பிப்ரவரி 24-ந்தேதி போலீசில் புகார் கொடுக்கப்பட்டது.

புகார் கொடுத்த மாணவியின் பெயரை போலீஸ் அதிகாரியே வெளியிட்டது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஐகோர்ட்டு மதுரை கிளை உத்தரவிட்டது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கும், பிறகு சி.பி.ஐ.க்கும் மாறியது.

2025-ம் ஆண்டு மே 13-ந்தேதி கோவை மகளிர் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. கைதான 9 பேரும் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டு, சாகும் வரை ஜெயில் தண்டனை விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட 8 பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் கோர்ட்டு உத்தரவிட்டது. சாட்சி சொன்னவர்களில் ஒருவர்கூட பிறழ் சாட்சியாக மாறவில்லை.

ஒரு மாணவி வீட்டில் வாய் திறந்தார். வீடு அவர் பக்கம் நின்றது. 9 பேர் ஜெயிலுக்கு போனார்கள்.

நாகர்கோவில் வழக்கும் இதே மாதிரிதான். சமூக வலைத்தளங்களில் பெண்களிடம் காதலிப்பதாக பழகி, படம், வீடியோ எடுத்து பணம் கேட்டு மிரட்டி வந்த வாலிபர் 2020-ம் ஆண்டு கைது செய்யப்பட்டார். சென்னையை சேர்ந்த பெண் டாக்டர் ஒருவர் துணிந்து புகார் கொடுத்ததும் அடுத்தடுத்து புகார்கள் வந்தன. அந்த வாலிபருக்கு நாகர்கோவில் கோர்ட்டு 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் சாகும் வரை ஜெயில் தண்டனை விதித்தது.

கண் கலங்கிய நீதிபதி

காதல் முறிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் தொல்லை தொடரலாம். கல்லூரி நாட்களில் காதலித்தவன் தனக்கு தெரியாமல் எடுத்த வீடியோ இணையதளங்களில் பரவுகிறது என்று ஒரு பெண் வக்கீல் சென்னை ஐகோர்ட்டில் வழக்கு தொடர்ந்தார். சட்டம் படித்தவருக்கே இந்த கதி.

2025-ம் ஆண்டு ஜூலை மாதம் இந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அந்த படங்களை 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். அந்த பெண் தன் மகளாக இருந்தால் என்று நினைத்து பார்த்ததாக கூறி அவர் கண் கலங்கினார். விசாரணை என்ற பெயரில் ஆண் போலீசார் முன்னிலையில் அந்த வீடியோவை பெண்ணுக்கு காட்டியதையும், எப்.ஐ.ஆரில் அவர் பெயரை சேர்த்ததையும் அவர் கண்டித்தார்.

ஒரு இடத்தில் நீக்கினால் இன்னொரு இடத்தில் வந்து விடுகிறது என்பதும் இந்த வழக்கில் தெரியவந்தது. அதனால்தான் படம் பரவும் முன்பே, மிரட்டல் வந்த முதல் நாளே புகார் கொடுப்பது முக்கியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சம்மதம் இல்லாமல் ஒருவரின் அந்தரங்க உறுப்பை படம் எடுப்பது, அனுப்புவது, வெளியிடுவது தகவல் தொழில்நுட்ப சட்டம் 66-இ பிரிவில் வரும். 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

பாலியல் செயல் உள்ள படம், வீடியோவை இணையத்தில் வெளியிட்டால் 67-ஏ பிரிவு. முதல் தடவையே 5 ஆண்டு வரை ஜெயில், 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் 77-வது பிரிவு முக்கியமானது. படம் எடுக்க ஒரு பெண் சம்மதித்து இருக்கலாம். ஆனால் அதை மற்றவர்களுக்கு அனுப்ப சம்மதிக்கவில்லை என்றால், அனுப்பியவன் குற்றவாளி. "அவளே தானே கொடுத்தா" என்ற வாதம் அங்கே எடுபடாது.

பிடிக்கவில்லை என்று சொன்ன பிறகும் பெண்ணை விடாமல் தொடர்வதும், அவருடைய இணைய நடவடிக்கையை கண்காணிப்பதும் 78-வது பிரிவில் வரும். மிரட்டி பணம் பறித்தால் 308-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை ஜெயில். பெண்ணின் நடத்தைக்கு களங்கம் கற்பிப்பேன் என்று மிரட்டினால் 351-வது பிரிவில் 7 ஆண்டு வரை தண்டனைக்கு இடம் இருக்கிறது.

பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் விஷயம் இன்னும் கடுமையாகி விடும். போக்சோ சட்டமும், 67-பி பிரிவும் பாயும். "அவளும் சம்மதிச்சா" என்ற பேச்சுக்கே அங்கே இடம் இல்லை. 12-ம் வகுப்பு மாணவியின் படத்தை வைத்திருக்கும் 19 வயது பையன் இதை தெரிந்துகொள்ள வேண்டும்.

மேற்கு வங்காளத்தில் காதலை முறித்துக்கொண்ட பெண்ணின் படங்களை ஆபாச இணையதளத்தில் போட்ட கல்லூரி மாணவருக்கு, தம்லுக் கோர்ட்டு 2018-ம் ஆண்டு மார்ச் மாதம் 5 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தது. புகார் கொடுத்தால் தண்டனை கிடைக்கும் என்பதற்கு இதுவும் ஒரு உதாரணம்.

பார்வேர்டு செய்தாலும் சிக்கல்

"நான் எடுக்கலை, குரூப்ல வந்துச்சு, அனுப்பினேன்" என்று தப்பிக்க முடியாது. அனுப்புகிற ஒவ்வொருவரும் குற்றவாளிதான்.

அதிலும் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் ஆபாச படம் என்றால் செல்போனில் வைத்திருப்பதே ஆபத்து. அப்படி படம் வைத்திருந்த சென்னை வாலிபர் மீதான வழக்கை 2024-ம் ஆண்டு ஜனவரி மாதம் சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் 23-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த தீர்ப்பை தள்ளுபடி செய்தது. இந்த மாதிரி படங்களை நீக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதும், பார்ப்பதும் போக்சோ சட்டத்தின் பிடியில் வரும் என்று தெளிவுபடுத்தியது.

மிரட்டல் வந்தால் செய்ய வேண்டியவை

1. பணம் கொடுக்காதீர்கள். ஒரு தடவை கொடுத்தால் மறுபடியும் கேட்பான். "கடைசியா ஒரு தடவை வா, டெலிட் பண்ணிடுறேன்" என்று கூப்பிட்டால் தனியாக போகவே கூடாது.

2. பயத்தில் மெசேஜை அழிக்காதீர்கள். போன் நம்பர், பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இணையத்தில் வந்திருந்தால் அந்த பக்கத்தின் முகவரியையும் சேர்த்து வையுங்கள். செல்போனை பார்மட் செய்து விட்டால் சாட்சியும் போய்விடும். ஆதாரம் எடுத்த பிறகு அவனை பிளாக் செய்யலாம்.

3. நம்பிக்கையான ஒருவரிடம் அன்றைக்கே சொல்லி விடுங்கள். அம்மா, அக்கா, அண்ணன், சித்தி, டீச்சர், வேலை செய்யும் இடத்தில் மூத்த பெண்மணி என யாராக இருந்தாலும் சரி. போலீஸ் நிலையம் போக துணைக்கு ஒரு ஆள் இருந்தாலே பாதி பயம் போய்விடும்.

4. எல்லா மாவட்டத்திலும் சைபர் கிரைம் போலீஸ் நிலையம் இருக்கிறது. அனைத்து மகளிர் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "இது எங்க எல்லை இல்லை" என்று சொல்லி திருப்பி அனுப்பக்கூடாது. எந்த எல்லையில் நடந்து இருந்தாலும் எப்.ஐ.ஆர். பதிவு செய்ய சட்டம் இடம் கொடுக்கிறது. இந்த மாதிரி வழக்கில் பெண்ணின் புகாரை பெண் போலீஸ்தான் பதிவு செய்ய வேண்டும் என்பதும் சட்டம். தைரியமாக கேட்கலாம்.

5. நேரில் போக தயங்குபவர்கள் மத்திய அரசின் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் இணையதளத்தில் புகார் செய்யலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாச பதிவுகளுக்கு அதில் தனி பகுதி உள்ளது. பெயர் சொல்லாமலும் தகவல் கொடுக்கலாம்.

6. படம் வெளியான வலைத்தள நிறுவனத்துக்கு உடனே புகார் அனுப்புங்கள். பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் இந்த மாதிரி படங்களை 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-ம் ஆண்டு விதி கெடு வைத்தது. பிறகு வந்த திருத்தம் அந்த கெடுவை இன்னும் குறைத்து இருக்கிறது. போலியாக மாற்றிய படத்துக்கும் இது பொருந்தும்.

7. "ஸ்டாப் என்.சி.ஐ.ஐ." என்ற இலவச இணையதளம் 18 வயது ஆனவர்களுக்கு உதவுகிறது. உங்கள் படம் செல்போனை விட்டு வெளியே போகாது. கைரேகை மாதிரி ஒரு அடையாள எண் மட்டும் உருவாகி பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்களுக்கு போகும். அந்த படத்தை யாராவது அங்கே ஏற்றினால் அடையாளம் கண்டு தடுக்க முடியும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு "டேக் இட் டவுன்" என்ற இணையதளம் இதே வேலையை செய்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு ஒருவர் அனுப்புவதை இவற்றால் தடுக்க முடியாது.

பெற்றோர் கவனிக்க...

2016-ம் ஆண்டு சேலம் மாவட்டத்தில் 21 வயது இளம்பெண்ணின் முகத்தை ஆபாச படத்தில் ஒட்டி பேஸ்புக்கில் போட்டான் ஒருவன். குடும்பத்தினர் போலீசில் புகார் கொடுத்தனர். நடவடிக்கை தாமதமானது. அதற்குள் இன்னொரு படமும் வந்தது. மனம் உடைந்த அந்த பெண் தற்கொலை செய்துகொண்டார். பெற்றோரே தன்னை நம்பவில்லை என்ற வேதனையை அவர் எழுதி வைத்திருந்தார். பிறகு குற்றவாளி பிடிபட்டான். தாமதத்துக்காக மாவட்ட போலீஸ் சூப்பிரண்டு வருத்தம் தெரிவித்தார். ஆனால் போன உயிர் திரும்பவில்லை.

பெண் வந்து சொல்லும்போது பெரும்பாலான வீடுகளில் என்ன நடக்கிறது? முதலில் ஒரு அறை விழும். செல்போன் பறிக்கப்படும். காலேஜ் நிற்கும். "சீக்கிரம் ஒரு மாப்பிள்ளை பாருங்க" என்று உறவினர் சொல்வார்கள். இது நடக்கும் என்று அந்த பெண்ணுக்கும் தெரியும். மிரட்டுபவனுக்கும் தெரியும். அதனால்தான் அவன், "போலீசுக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டுவது இல்லை. "அப்பாவுக்கு அனுப்பிடுவேன்" என்கிறான்.

மகள் அழுதுகொண்டு வந்து நின்றால், "என்ன ஆச்சும்மா, சொல்லு. பார்த்துக்கலாம்" என்று கேளுங்கள். திட்டுவதை பிறகு வைத்துக்கொள்ளலாம். சரியாக சாப்பிடாமல், தூங்காமல், செல்போன் மணி அடித்தாலே பதறும் பிள்ளையை கவனியுங்கள். அடிக்கடி பணம் கேட்டாலோ, வீட்டில் நகை காணாமல் போனாலோ கோபப்படும் முன் காரணம் கேளுங்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை உறவினர்களோ அக்கம்பக்கத்தினரோ வெளியே பரப்பக்கூடாது. பாலியல் பலாத்கார வழக்குகளில் அப்படி வெளியிடுவது 2 ஆண்டு வரை ஜெயிலுக்கு உரிய குற்றம்.

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை

காதலி பாஸ்வேர்டு கேட்டு நச்சரிப்பது, லொகேஷன் போடாவிட்டால் சண்டை போடுவது, படத்தை காட்டி பணம் கேட்பது என பையன்களும் பாதிக்கப்படுகிறார்கள். "ஆம்பளை போய் புகார் கொடுக்கிறதா?" என்ற வெட்கம் வேண்டாம். தகவல் தொழில்நுட்ப சட்டத்தில் ஆண், பெண் வித்தியாசம் இல்லை.

காதல் முறிந்து விட்டதா? அவளுடைய படங்கள் உங்கள் செல்போனில் இருந்தால் நீக்கி விடுங்கள். குடித்து விட்டு வரும் ஒரு ராத்திரி கோபத்தில் அனுப்பும் ஒரு மெசேஜ் வேலை, படிப்பு, குடும்பம் எல்லாவற்றையும் காலி செய்து விடும். நண்பன், "மச்சான் அவ போட்டோவை அனுப்புடா" என்று கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள்.

போன் நம்பர்களை குறித்துக்கொள்ளுங்கள்

அவசர போலீஸ் உதவிக்கு 112. பெண்கள் உதவிக்கு 181. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1098. மிரட்டலில் பணம் பறிபோயிருந்தால் உடனே 1930. மனம் உடைந்து, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு இரவு, பகல் எந்த நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது.

வீட்டில் செல்போன் வைத்திருக்கும் பிள்ளை இருந்தால் இந்த எண்களை இன்றைக்கே அவர்களிடம் கொடுத்து வையுங்கள். "எதுவா இருந்தாலும் எங்ககிட்ட வந்து சொல்லலாம்" என்ற ஒரு வார்த்தையையும் சேர்த்து சொல்லுங்கள்.